தைராய்டு மாத்திரை எடுப்பவருக்குச் சயாட்டிகா வலி வந்தால்: முழுமையான வழிகாட்டி

இடுப்பில் தொடங்கி, பிட்டம் வழியாகப் பின்தொடையில் இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம் வரை சுண்டி இழுக்கும் வலிதான் சயாட்டிகா. தினமும் காலையில் தைராய்டு மாத்திரை போடும் ஒருவருக்கு இது வந்தால், முதல் சந்தேகம் பெரும்பாலும் அந்த மாத்திரை மீதுதான் விழுகிறது. "இதை ஆரம்பிச்ச பிறகுதான் கால் வலி வந்தது" என்று சொல்லி, யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அப்படி யாரும் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்ஸின் என்பது உங்கள் தைராய்டு சுரப்பி தர வேண்டிய டி4 ஹார்மோனேதான். அது சயாட்டிக் நரம்பை நேரடியாக அழுத்துவதும் இல்லை, புண்ணாக்குவதும் இல்லை. ஆனால் அதன் அளவு குறைந்தாலும் கூடினாலும் தசையும் எலும்பும் பாதிக்கப்படும். அந்த வலியை நரம்பு வலி என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. அதைவிட முக்கியம், கால் வலிக்காகத் தரப்படும் மருந்துகள் தைராய்டு சிகிச்சையைக் குழப்பிவிடலாம். தைராய்டு மாத்திரை கால் வலியைத் தருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கால் வலி மருந்து தைராய்டை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதிக அக்கறை இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

"மூணு நாள் மாத்திரையை விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. உடலில் இருக்கும் லெவோதைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். மூன்று நாள் விட்டாலும் ஏறக்குறைய முக்கால்வாசி ஹார்மோன் உடலில் அப்படியே இருக்கும். அந்த மூன்று நாளில் வலி குறைந்திருந்தால் காரணம் மாத்திரையை விட்டது அல்ல. சயாட்டிகா இயல்பிலேயே ஏறி இறங்கும் வலி. நடுத்தர வயதில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு) கோளாறும் அதிகம், தைராய்டு குறைபாடும் அதிகம் என்பதால், இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகச் சேர்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

படி 1: அவசர அறிகுறிகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

மற்ற எதையும் படிக்கும் முன் இதைப் பாருங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றும் வெளியே வரவில்லை, அல்லது தெரியாமலே கசிகிறது; மலம் அடக்க முடியவில்லை; சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது; இரண்டு கால்களும் பலமிழக்கின்றன. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் இப்படி ஆகும். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினாலோ, காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலோ, விழுந்து அடிபட்ட பிறகு வலி தொடங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலை அழுத்தினால் வலித்தால், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அன்றே செய்ய வேண்டியது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தனியாக ஒன்று. தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்துவிட்டு அதன் பிறகு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், புதிதாக வரும் முதுகு வலியையும் கால் வலியையும் "ஜவ்வு விலகல்தான்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில வகைத் தைராய்டு புற்றுநோய்கள், குறிப்பாக ஃபாலிகுலர் வகை, எலும்புக்குப் பரவக்கூடியவை. பெரும்பாலானோருக்கு அப்படி இருக்காது. ஆனாலும் ராத்திரி படுத்தாலும் குறையாத வலி என்றால், டாக்டரிடம் அந்தப் பழைய வரலாற்றை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எலும்பு டாக்டருக்கு உங்கள் தைராய்டு ஃபைல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 2: இது உண்மையிலேயே சயாட்டிகாவா?

சயாட்டிக் நரம்புதான் உடலின் தடித்த நரம்பு. கீழ் முதுகில் எல்4, எல்5, எஸ்1, எஸ்2, எஸ்3 என்ற நரம்பு வேர்கள் (எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் அதற்குக் கீழே உள்ள திருவெலும்பு) சேர்ந்து உருவாகி, பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழாக வெளியே வந்து, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. சிக்கல் பெரும்பாலும் நரம்பின் பாதையில் இருக்காது. வேரில், அதாவது எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 இடைவெளியில் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரைத் தொடும் இடத்தில் இருக்கும். வயதானவர்களுக்கு நரம்பு போகும் கால்வாயே குறுகிப்போவதும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ குறையும்.

வலி எந்த வேரிலிருந்து வருகிறது என்பதைக் கால் ஓரளவு சொல்லிவிடும். எல்5 என்றால் காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறம், பெருவிரல் வரை போகும். குதிகாலில் நடக்கச் சொன்னால் அந்தக் கால் தடுமாறும். எஸ்1 என்றால் கெண்டைக்காலின் பின்புறம் வழியாகப் பாதத்தின் வெளி விளிம்பு, சுண்டுவிரல் வரை. நுனிக்காலில் நிற்பது கஷ்டம். எல்4 என்றால் தொடையின் முன்புறத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம்.

பொதுவாக ஒரே ஒரு கால்தான். இருமினாலும் தும்மினாலும் கரண்ட் அடித்தது போல் பாயும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்கினால், 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே அதே வலி வரும். தொடையின் பின்புறத்தில் மட்டும் இழுப்பது பெரும்பாலும் தசை இறுக்கம்தான், அதை இதில் சேர்க்க வேண்டாம்.

படி 3: தைராய்டால் வரும் வலியைப் பிரித்துப் பாருங்கள்

ஹார்மோன் குறைவாக இருந்தால் வரும் வலி வேறு மாதிரி. இரண்டு தொடைகளிலும் ஒரே மாதிரி கனம், ராத்திரியில் தசைப்பிடிப்பு, காலையில் உடல் முழுக்க விறைப்பு, படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் தொடையில் பலமின்மை. இது கோடு போட்டது போல் பாதம் வரை இறங்காது. ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியும் கூடியிருக்கலாம். குறைபாடு நீண்ட நாள் இருந்தால் திசுக்களில் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு வகைப் பொருள் சேர்ந்து, இறுக்கமான பாதையில் போகும் நரம்புகளை நெருக்கும். மணிக்கட்டில் கார்பல் டனல் வலி தைராய்டு குறைபாட்டில் அதிகம் வருவது இப்படித்தான். கால் வலியோடு கைவிரல்களும் ராத்திரியில் மரத்துப்போகிறது என்றால் டிஸ்க்கை மட்டும் குறை சொல்ல முடியாது.

டாக்டர் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்டும்போது கவனியுங்கள். அந்த ஒரே பரிசோதனையில் இரண்டு நோய்களுக்கும் துப்பு கிடைக்கும். எஸ்1 வேர் நசுங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் கணுக்காலில் மட்டும் துள்ளல் குறையும், அல்லது இருக்கவே இருக்காது. தைராய்டு குறைவு என்றால் இரண்டு கணுக்கால்களும் துள்ளும், ஆனால் துள்ளிய பாதம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கும். எம்.ஆர்.ஐ. எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே மருத்துவர்கள் இந்தத் தயக்கத்தைப் பார்த்துத் தைராய்டு குறைபாட்டைச் சந்தேகித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. அவசரத்தில் விடுபட்டுப் போனால், "ரிஃப்ளெக்ஸ் பார்க்கலையா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னும் இரண்டு பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒன்று வைட்டமின் பி12 குறைவு. ஹாஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு நோயால் தைராய்டு கெட்டவர்களுக்கு, அதே போன்ற தன்னெதிர்ப்பு வயிற்றிலும் இருந்து பி12 உறிஞ்சப்படாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதில் இரண்டு பாதமும் சேர்ந்து மரக்கும், எரியும். மற்றொன்று கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரை. தைராய்டு அளவு சரியில்லாதபோது ஸ்டாடினால் தசை வலி வருவது கூடும். சர்க்கரை நோய் இருந்தால் அதன் நரம்புப் பாதிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தாலும் சிக்கல்தான். தொடைத் தசை கரையும், படபடப்பும் கை நடுக்கமும் வரும். வருடக்கணக்கில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும், குறைந்தால் கூடும்) மிகக் குறைவாகவே இருந்தால், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு அடர்த்தி குறைந்து முதுகெலும்பில் சின்ன முறிவுகள்கூட வரலாம். உயரம் குறைவது போலத் தெரிந்தாலோ, லேசாகக் குனிந்து எதையோ எடுத்தபோது திடீரென்று முதுகில் கடும் வலி வந்தாலோ, எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிப் பேசுங்கள்.

படி 4: டி.எஸ்.எச். பரிசோதனையைச் சரியான நேரத்தில் எடுங்கள்

வலி மருந்துகளை ஆரம்பிக்கும் முன்பே ஒரு டி.எஸ்.எச். பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட ஒரு ஆதாரம் இருக்கும். பெரும்பாலான லேப்களில் இயல்பான அளவு சுமார் 0.4 முதல் 4.0 வரை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு. மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் முடிவு உண்மையைச் சொல்லும். இரண்டே வாரத்தில் எடுத்துப் பார்த்துப் பதறுவதில் பயன் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நரம்பு வலிக்கு என்று எழுதப்படும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் இருக்கிறது. முடி உதிர்வுக்கு வாங்கும் மாத்திரைகளில் இன்னும் அதிகம். தைராய்டு உள்ளவர்களுக்கு முடி உதிர்வும் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் பலர். சில லேப் கருவிகள் பயன்படுத்தும் சோதனை முறையே பயோட்டினை நம்பி அமைந்தது. உங்கள் ரத்தத்தில் அது கூடுதலாக மிதந்தால், டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். "மாத்திரை அதிகமாகிவிட்டது, குறைக்கலாம்" என்ற முடிவுக்கு அது கொண்டு போய்விடும். உண்மையில் போதுமான அளவில் இருந்தவருக்கு அளவு குறைக்கப்பட்டு, சில வாரங்களில் தசை வலி கூடும். பழியோ சயாட்டிகா மேல் விழும். எனவே பயோட்டின் உள்ளதை ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், லேபிலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஸ்டீராய்டு. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியோ, சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையோ டி.எஸ்.எச்.சைத் தற்காலிகமாக அமுக்கும். அந்தச் சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துத் தைராய்டு மாத்திரையை மாற்ற வேண்டாம்.

முடிவு வந்த பிறகு எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எச். கூடியிருந்து அளவைச் சரிசெய்தால், இரண்டு கால் கனமும் விறைப்பும் குறையும். தசைப் பலம் முழுதாகத் திரும்ப மாதங்கள் ஆகலாம். ஒற்றைக் காலில் பாதம் வரை பாயும் வலிக்கு அதனால் மட்டும் தீர்வு கிடைக்காது. அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

படி 5: மருந்துகளின் நேரத்தைப் பிரித்து வையுங்கள்

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன் பிறகு 30 முதல் 60 நிமிடம் வரை காபி உட்பட எதுவும் வேண்டாம். இந்த ஒழுங்கு வலி மருந்துகள் வந்ததும் குலைந்துவிடும். எழுந்ததும் வலி தாங்காமல் கையில் கிடைத்த எல்லா மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முதுகு வலி என்றாலே கால்சியம் எழுதித் தருவது வழக்கமாகிவிட்டதால் இதைச் சொல்கிறேன்: இடையில் 4 மணி நேரம் வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட், அலுமினியம் உள்ள ஆன்டாசிட் திரவம் ஆகியவற்றுக்கும் அதே இடைவெளி.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை வேறு கதை. டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைக் கெடுக்காமல் இருக்க இவற்றைச் சேர்த்துத் தருவார்கள். இவை நாள் முழுக்க வயிற்று அமிலத்தைக் குறைத்துவிடும். லெவோதைராக்ஸின் கரைவதற்கு அந்த அமிலம் தேவை. எனவே நேரத்தைத் தள்ளி வைத்தாலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீராது. ஒரு வாரத்துக்கு என்றால் பெரிய விஷயம் இல்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும்.

நரம்பு வலிக்குச் சில சமயம் கார்பமசிப்பின் தருவார்கள். அது கல்லீரலை வேகப்படுத்தித் தைராய்டு ஹார்மோனைச் சீக்கிரம் செலவழிக்க வைக்கும். ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் தைராய்டு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்குத் தைராய்டு அளவு கூடுதலாக இருந்தால் படபடப்பு கூடும். இதயத் துடிப்பு தாறுமாறானால் காத்திருக்காதீர்கள்.

ப்ரெகாபலின், காபாபென்டின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவை தூக்கக் கலக்கம், எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவற்றைத் தரலாம். மூன்றுமே தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகள் போலவே இருக்கும். இவற்றைத் தொடங்கிய பிறகு "தைராய்டு மாத்திரை போதவில்லை போல" என்று நினைத்து நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். சயாட்டிகாவில் இவற்றால் கிடைக்கும் பலனும் குறைவு. 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ப்ரெகாபலின், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை, தலைச்சுற்றல்தான் அதிகமானது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சயாட்டிகாவுக்கு இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று விடாமல், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.

ட்ரமடால் போன்ற வலி மருந்துகள் மலச்சிக்கலைத் தரும். தைராய்டு குறைவும் மலச்சிக்கலைத் தரும். முக்கும்போது டிஸ்க்கில் அழுத்தம் ஏறிக் காலில் வலி பாயும். மருந்து எழுதும்போதே மலமிளக்கியும் கேட்டு வாங்கிக்கொண்டால் இந்தச் சுற்றில் மாட்ட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் பகுதி முழுக்கவே மாறும். தைராய்டு மாத்திரையின் தேவை கூடும், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். எதையும் டாக்டரைக் கேட்டே எடுங்கள்.

படி 6: சயாட்டிகாவுக்கு வைத்தியம்

நல்ல செய்தி, பெரும்பாலானோருக்கு 4 முதல் 12 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும். பிதுங்கிய டிஸ்க் பல சமயம் தானாகவே சுருங்கும்.

படுத்தே கிடக்க வேண்டாம். 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களுக்கும் வழக்கம்போல நடமாடியவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் தெரியவில்லை. தைராய்டு குறைபாட்டால் ஏற்கெனவே தசை தளர்ந்தவர் படுத்துக் கிடந்தால் இரட்டை நஷ்டம். ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடக்காமல், பத்து நிமிடம் வீதம் நாளில் பல முறை நடங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை.

பயிற்சி சரியான திசையில் போகிறதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. பாதத்தில் இருந்த வலி முழங்காலுக்கு ஏறி, பிறகு பிட்டத்துக்கு ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடியது போலத் தோன்றினாலும் அது முன்னேற்றம். இடுப்பு வலி குறைந்து, காலில் கீழே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை லேசாக உயர்த்துவது டிஸ்க் வலிக்காரர்கள் பலருக்கு ஒத்துவரும். கால்வாய் குறுகியவர்களுக்கு அதே பயிற்சி வலியைக் கூட்டும்.

தைராய்டு மாத்திரை புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில வாரங்களில் சுறுசுறுப்பு திரும்பிவிடும், ஆனால் தசை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. தேங்கிப் போன வேலையெல்லாம் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கனமானதைத் தூக்கிவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி: படி 1-ல் சொன்னது எதுவும் இல்லை என்றால், முதல் ஆறு வாரத்தில் பொதுவாகத் தேவை இல்லை. 1994-ல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஓர் இடத்திலாவது டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று இருப்பதை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். அந்த மட்டமும் உங்கள் காலில் வலி போகும் பாதையும் பொருந்துகிறதா என்பதே கேள்வி. அறுவை சிகிச்சை, வலியைச் சீக்கிரம் குறைக்கும். ஆனால் 2007-ல் வெளியான ஆய்வில், உடனே செய்துகொண்டவர்களும் காத்திருந்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பலவீனம் கூடிக்கொண்டே போனால் மட்டும் காத்திருப்பு சரிப்படாது. அறுவை முடிவானால், மயக்க மருந்து டாக்டரிடம் தைராய்டு பற்றிச் சொல்லுங்கள். காலை மாத்திரையை அன்றைக்கு எப்படி எடுப்பது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வலி போன பிறகு

பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கார்பமசிப்பினாலோ ஒமிப்ரசோலாலோ டி.எஸ்.எச். ஏறி, அதற்காகத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தால், அந்த மருந்துகளை நிறுத்திய பிறகு கூட்டிய அளவு அதிகமாகிவிடும். வலி போன சந்தோஷத்தில் வருடக்கணக்கில் அதே அளவைத் தொடர்ந்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். எனவே எந்த மருந்தை எந்தத் தேதியில் தொடங்கினோம், எப்போது நிறுத்தினோம் என்று தைராய்டு ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கடைசி வலி மருந்தை நிறுத்திய நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் கழித்து, பயோட்டின் எதுவும் இல்லாமல், ஒரு டி.எஸ்.எச். எடுத்து அந்தப் பக்கத்தோடு டாக்டரிடம் காட்டுங்கள்.